அணைத்த தீயும் அணையாத பாடமும்

ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெற்றால், அவரிடம் பயின்றோர் ஊரெங்கும் இருப்பர். மருத்துவர் ஓய்வு பெற்றால், அவரால் நலமடைந்தோர் வழியில் கண்டு கைகூப்புவர். தீயணைப்பு நிலையத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்து ஒருவர் ஓய்வு பெறும்போது அவருக்கென எஞ்சுவது யாது? அவர் அணைத்த தீ சாம்பலோடு மறைந்துவிட்டது. அவர் காத்த வீடுகளில் இன்று குடியிருப்போர் அவருடைய பெயரை அறியார். அவர் சொற்கேட்டு நடந்ததனால் மூளாமலே போன தீயையோ எவராலும் எண்ணிக் காட்ட இயலாது. நடவாத விபத்துக்கு நன்றி சொல்லும் வழக்கம் உலகில் இல்லை.

ஆயினும், அத்தகையோர் நமக்கு விட்டுச்செல்லும் செல்வம் ஒன்று உண்டு. அதுவே பாடம். தீயோடு வாழ்நாளெல்லாம் போராடியவர், தீ எங்கே பதுங்கியிருக்கும், எவ்வழியே பாயும், எந்தக் கதவை நாம் திறந்து வைக்கவேண்டும் என்பதையெல்லாம் அறிந்தவர். அந்த அறிவு அவரோடு ஓய்வு பெற்றுவிடலாமா? கீற்றுக் கூரைகளும் கடற்காற்றும் நிறைந்த நம் கடலூர், சிதம்பரம் வட்டாரத்துக் குடும்பங்கள் இக்கேள்வியைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். அதற்குத் துணையாகத் தீயணைப்புப் பணியின் பெருமக்கள் சிலரை இங்கே நினைவுகூர விழைகிறோம்.

ஏப்ரல் 14

சித்திரை பிறக்கும் நாளை நாம் புத்தாடையும் விருந்துமாகக் கொண்டாடுகிறோம். அதே ஏப்ரல் 14-ஆம் நாள், நாடெங்கும் உள்ள தீயணைப்பு நிலையங்களில் துயர நினைவு நாளாகும். பணியில் உயிர்நீத்தோருக்கு அன்று மலர்வளையம் வைத்து மௌன அஞ்சலி செலுத்துவர். அந்நாளில் தொடங்கி ஒரு வாரம் தீத்தொண்டு வாரமாகப் போற்றப்படுகின்றது.

காரணம் இது. 1944-ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். பம்பாய்த் துறைமுகத்தின் விக்டோரியா கப்பல் துறையில் 'ஃபோர்ட் ஸ்டிகைன்' என்னும் கப்பல் நின்றிருந்தது. அதன் வயிற்றில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள்; அதனோடு பஞ்சுப் பொதிகளும் ஏற்றப்பட்டிருந்தன. பஞ்சும் வெடிமருந்தும் ஒரே கப்பலில் இருத்தல் எத்தகைய கேடு என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! ஏப்ரல் 14 நண்பகலுக்குப் பின் பஞ்சுப் பொதிகளிலிருந்து புகை எழுந்தது. தீயணைப்பு வீரர்கள் விரைந்து வந்து நீர் பாய்ச்சினர். கப்பலுக்குள் இருப்பது யாதென அறிந்தபின்னும் அவர்கள் இடம்விட்டு அகலவில்லை. மாலை நான்கு மணியைக் கடந்த சில நிமிடங்களில் கப்பல் வெடித்தது. அரைமணி நேரத்திற்குப் பின் மீண்டும் வெடித்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்ட அந்நாளில், கடமையிலிருந்த தீயணைப்பு வீரர்கள் 66 பேர் உயிர்நீத்தனர்.

66 வீரர்களின் வீரத்தைப் போற்றுகிறோம். அவ்வளவோடு நின்றுவிட்டால் அவர்களுக்கு நாம் செலுத்தும் கடன் பாதியே. பஞ்சையும் வெடிமருந்தையும் ஒன்றாய் ஏற்றாதிருந்தால் அவர்கள் மாளவேண்டியதில்லை என்பதை உணர்வதே மறுபாதி.

இருளில் பயிற்சி தந்த ஆசான்

தீயணைப்பை ஒரு கல்வியாகவே மாற்றியமைத்தவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1824-ஆம் ஆண்டு நகராட்சித் தீயணைப்புப் படை ஒன்று அமைக்கப்பட்டபோது, அதன் தலைமை 24 வயதே நிரம்பிய இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதுவரை தீப்பற்றிய இடத்தில் கூட்டம் கூடி, கூச்சலிட்டு, கிடைத்த வாளியில் நீரை வீசுவதே வழக்கமாயிருந்தது. பிரெய்ட்வுட் அதனை மாற்றினார். கூரை வேய்வோர், தச்சர், கொத்தனார், குழாய் வேலை அறிந்தோர் ஆகியோரைத் தேர்ந்தெடுத்தார். கட்டடத்தைக் கட்டத் தெரிந்தவனுக்கே அது எங்கே இடியும் என்பது தெரியும் என்பது அவர் கருத்து. விடியற்காலை நான்கு மணிக்கு, இருள் விலகுமுன் அவர்களுக்குப் பயிற்சி அளித்தார். தீ பெரும்பாலும் இரவில் வரும். இருளில் ஏணியும் குழாயும் கைக்குப் பழகவேண்டும் அன்றோ!

தெருவில் நின்று புகையின்மீது நீர் வீசுவதில் பயனில்லை. உள்ளே புகுந்து தீயின் வேரில் நீர் பாய்ச்சவேண்டும் என்று அவர் கற்பித்தார். தாம் கற்றதை 1830-ஆம் ஆண்டில் நூலாகவும் எழுதி வெளியிட்டார். 1833-இல் இலண்டனில் காப்பீட்டு நிறுவனங்கள் அமைத்த தீயணைப்புப் படைக்கு அவர் தலைவரானார்.

கிடங்குகளின் அறைகளுக்கு நடுவே இரும்புக் கதவுகள் இருக்கவேண்டும், அவை மூடியே இருக்கவேண்டும் என்பது அவர் ஓயாமல் சொல்லிவந்த அறிவுரை. 1861 ஜூன் 22 அன்று இலண்டன் டூலி தெருவில், சணல், பஞ்சு, கொழுப்பு முதலியன நிறைந்த கிடங்குகளில் தீப்பற்றியது. அங்கே இரும்புக் கதவுகள் இருந்தன, ஆனால் திறந்துகிடந்தன. தீ அறைவிட்டு அறை பாய்ந்தது. களைத்துப்போன தம் வீரர்களுக்குத் தெம்பூட்ட அவர்களிடையே சென்றுகொண்டிருந்த பிரெய்ட்வுட்டின்மீது சுவர் இடிந்து வீழ்ந்தது. அறிவுரை சொன்னவரே, அதனைக் கேளாதவர்களின் அசட்டையால் மாண்டார். மாநகரே திரண்டு அவருக்கு இறுதி வணக்கம் செலுத்தியது. ஊர்வலத்தில் நடந்த ஆயிரவரைவிட, கதவை மூடி வைத்திருக்கக்கூடிய ஒருவனே அவருக்கு மேலான மரியாதை செய்தவனாவான்.

ஓய்வு பெற்றபின் தொடங்கிய பணி

பிரெய்ட்வுட் பணியிலேயே மாண்டார். பணி முடிந்தபின் ஆசானாக வாழ்ந்த மற்றொருவரைக் காண்போம். அவர் நியூயார்க் நகரத் தீயணைப்புப் படையின் தலைவர் எட்வர்டு குரோக்கர். 1899 முதல் 1911 வரை அப்பொறுப்பை வகித்தவர். தீயணைப்புப் படையில் சேர முன்வரும் நாளிலேயே ஒருவன் தன் வாழ்வின் மாபெரும் வீரச்செயலைச் செய்துவிடுகிறான், அதன்பின் செய்வதெல்லாம் அவனது அன்றாட வேலையே என்று அவர் கூறியது இன்றும் அத்துறையினரிடையே போற்றப்படும் கருத்தாகும்.

உயரமான கட்டடங்களில் தொழிற்சாலைகள் பெருகுவதைக் கண்டு அவர் அஞ்சினார். தம் படையின் ஏணிகள் அத்துணை உயரம் எட்டா என்று எச்சரித்துவந்தார். 1911 மார்ச் 25, சனிக்கிழமை மாலை. பத்து மாடிக் கட்டடம் ஒன்றின் மேல் மூன்று தளங்களில் இயங்கிய 'டிரையாங்கிள்' ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தீப்பற்றியது. ஒன்பதாம் தளத்தில் ஒரு வாயிற்கதவு பூட்டப்பட்டிருந்தது. வெளிப்புற இரும்புப் படிக்கட்டு பாரம் தாங்காது முறிந்து வீழ்ந்தது. ஏணிகள் ஆறாம் தளத்தளவே எட்டின. 146 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர், பிழைப்புத் தேடி அயல்நாடுகளிலிருந்து வந்த இளம்பெண்கள்.

தாம் முன்னுரைத்தது தம் கண்ணெதிரே நிறைவேறக் கண்ட ஒருவரின் உள்ளம் எவ்வாறு துடித்திருக்கும்! சில வாரங்களில் குரோக்கர் பதவியிலிருந்து விலகினார். ஆனால் ஓய்ந்திருக்கவில்லை. தொழிற்சாலைகளுக்குச் சென்று, தீப்பற்றினால் தொழிலாளர் ஒழுங்காக வெளியேறுவதற்கு ஒத்திகை நடத்தும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். தீயை அணைக்கும் பணியில் பாதி வாழ்வைச் செலவிட்டவர், எஞ்சிய வாழ்வைத் தீ மூளாமல் காக்கும் பணிக்கு அர்ப்பணித்தார். அவ்விபத்தின் விளைவாக அம்மாநிலத்தில் தொழிலாளர் பாதுகாப்புக்கென முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் பிறந்தன. அத்தீயை நேரில் கண்ட பிரான்சஸ் பெர்க்கின்ஸ் என்னும் பெண்மணி, பின்னாளில் அமெரிக்க நடுவண் அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண்ணாகி, உழைப்போரின் நலனுக்கே தம் வாழ்வைச் செலவிட்டார்.

நம் மண்ணில்

இவையெல்லாம் எங்கோ நடந்தவை என நாம் ஆறியிருக்க இயலாது. பூட்டிய கதவும் குறுகிய படிக்கட்டும் நம் மண்ணிலும் உயிர் குடித்துள்ளன.

2004-ஆம் ஆண்டு தமிழகம் மறக்கவியலாத ஆண்டு. அவ்வாண்டு ஜனவரி 23 அன்று திருவரங்கத்தில் திருமண மண்டபம் ஒன்றில், மாடியில் வேயப்பட்டிருந்த கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. மணமகன் உள்ளிட்டு ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மங்கல வீடு அரை நாழிகையில் இழவு வீடாயிற்று. ஆறு திங்கள் கழியுமுன், ஜூலை 16 அன்று, கும்பகோணம் காசிராமன் தெருப் பள்ளியில் கீற்றுக் கூரை தீப்பற்றி, 94 குழந்தைகள் கருகி மாண்டனர். அங்கும் மேல்தளத்தில் கீற்றுக் கூரை. அங்கும் குறுகலான படிக்கட்டு. திருவரங்கம் கற்பித்த பாடத்தைக் கும்பகோணம் செவியேற்கவில்லை. அதன்பின்னரே பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்றும் ஆணை மாநிலமெங்கும் செயற்படுத்தப்பட்டது. 94 பிஞ்சுகளின் விலை கொடுத்து நாம் கற்ற பாடம் அது.

1908-ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கி, இன்று மாநிலமெங்கும் பரவியுள்ள நம் தீயணைப்பு மீட்புப் பணித் துறையும் தன் மக்களைப் பலி கொடுத்துள்ளது. 2012 ஜனவரியில், பொங்கல் விடுமுறையின்போது, சென்னை சேப்பாக்கம் எழிலக வளாகத்தில் ஆற்காட்டு நவாபின் காலத்து அரண்மனையான கலச மஹால் நள்ளிரவில் தீப்பற்றியது. உள்ளே சென்று போராடியோர்மீது கூரை இடிந்து வீழ்ந்தது. முன்னணி வீரர் அன்பழகன் உயிர்நீத்தார். படைக்குத் தலைமையேற்று உள்ளே சென்ற கோட்ட அலுவலர் பிரியா இரவிச்சந்திரன் கடுமையான தீக்காயங்களுக்கு ஆளானார். அத்துறையில் அலுவலர் நிலையில் சேர்ந்த முதல் பெண்களுள் ஒருவரான அவர், நெடிய மருத்துவத்துக்குப் பின் மீண்டும் பணிக்குத் திரும்பினார். விடுமுறை நாளில், யாருமற்ற ஒரு பழைய கட்டடத்திற்காக உயிரைப் பணயம் வைப்பானேன் என்று சிலர் கேட்கலாம். உள்ளே எவரேனும் சிக்கியிருக்கக்கூடும் என்னும் ஐயம் தீருமுன் ஒரு தீயணைப்பு வீரரால் வெளியே நிற்க இயலாது என்பதே விடை.

கெடிலக் கரையில்

கடலூருக்கு மேற்கே கெடில ஆற்றங்கரையில் அமைந்த திருவந்திபுரத்தை அறியாதார் நம் வட்டாரத்தில் இல்லை. தேவநாத சுவாமி திருக்கோயிலும், எதிரே ஔடதகிரி எனப்படும் சிறு குன்றும், அதன்மேல் ஏறும் 74 படிகளும், வேதாந்த தேசிகர் பல்லாண்டு வாழ்ந்த பெருமையும் அவ்வூருக்கு உண்டு. முகூர்த்த நாள்களில் அங்கே ஒரே நாளில் நூற்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் நடைபெறுவதும் உண்டு. பண்ருட்டி, நெல்லிக்குப்பம், சிதம்பரம், விழுப்புரம் எனப் பல திசைகளிலிருந்தும் வந்த உற்றாரும் உறவினரும், வேன்களும் மேளமும் சமையற்கொட்டகைகளுமாக அவ்வூர் திணறும்.

அவ்வேளையில் நாம் எண்ணவேண்டியது இது. எந்தப் பந்தலிலும், எந்த மண்டபத்திலும், எந்த ஆலயத் திருவிழாவிலும் மக்கள் வெளியேற இரண்டு வழிகளேனும் உள்ளனவா? சமையலடுப்புக்கும் கீற்றுக்கும் இடையே போதிய தொலைவு உண்டா? அலங்கார விளக்குகளின் மின்கம்பிகள் காய்ந்த தோரணத்தின்மேல் கிடக்கின்றனவா? தீயணைப்பு வண்டி நுழையவேண்டிய சந்தில் வந்தோரின் வாகனங்கள் அடைத்து நிற்கின்றனவா? தாலி கட்டும் நேரத்தை நிமிடக் கணக்கில் குறிக்கும் நாம், இந்நான்கு கேள்விகளுக்குச் சில நிமிடங்கள் ஒதுக்கலாகாதா? நம் ஆலயங்களில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் பரப்பி மின்விளக்குத் தொங்கவிடுவோரும், திருவிழாவில் மெழுகுதிரிக்கு அருகே துணித்தோரணம் கட்டுவோரும் இக்கேள்விகளுக்கு விலக்கானவர் அல்லர்.

நம் மாவட்டம் தீயை மட்டுமன்றிப் பல இடர்களைக் கண்டது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலோரக் குப்பங்களைத் துடைத்தபோதும், 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தபோதும், 2015-இல் பெருவெள்ளம் சூழ்ந்தபோதும் சிவப்பு வண்டியில் வந்தோரை நாம் கண்டோம். கிணற்றில் வீழ்ந்த பசுவைத் தூக்குவோரும், வீட்டுக்குள் புகுந்த நாகத்தைப் பிடிப்போரும் அவர்களே. 2020 செப்டம்பர் 4 அன்று காட்டுமன்னார்கோயிலை அடுத்த குருங்குடியில் வாணவெடிக் கூடமொன்று வெடித்துச் சிதறியது. அங்கே மாண்டோருள் ஏழுக்குக் குறையாதோர் கூலி வேலைக்குச் சென்ற பெண்கள் முதலான ஏழை வீட்டுப் பெண்களே. பசியின் பொருட்டு அபாயத்துக்குள் செல்வோருக்கு அபாயத்தின் இயல்பைச் சொல்லித்தருவது எவர் கடமை? அதனை நன்கு அறிந்தோர் கடமை. அவர்களை அழைத்துக் கேட்கவேண்டிய நம் கடமையுமாகும்.

ஒவ்வொரு வீடும் கற்கவேண்டியவை

தீயணைப்பு அலுவலர்கள் பள்ளிதோறும் சொல்லித்தரும் பாடங்கள் எளியவை. குடும்பத்தார் அனைவரும் இரவு உணவு வேளையில் ஒருமுறை பேசி மனத்திற்கொள்ளத் தக்கவை.

வாணலியில் எண்ணெய் தீப்பற்றினால் நீர் ஊற்றலாகாது. ஊற்றினால் எண்ணெய் சிதறித் தீ கூரையளவு எழும். அடுப்பை அணைத்து, வாணலியைத் தட்டு ஒன்றால் மூடுக. வாணலியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுதல் பெருந்தவறு.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து தேங்கும். நாற்றம் உணர்ந்தவுடன் உருளையின் அடைப்பை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிடுக. மின்விளக்கின் விசையைப் போடவும் வேண்டா, அணைக்கவும் வேண்டா. விசையில் எழும் சிறு பொறியே போதும், வீடு வெடிக்க.

ஆடையில் தீப்பற்றினால் ஓடலாகாது. ஓடினால் காற்று தீயை வளர்க்கும். தரையில் படுத்து உருளவேண்டும். அருகிலிருப்போர் கனத்த பருத்திப் போர்வையோ கம்பளியோ போர்த்தி அணைக்கவேண்டும். தீக்காயத்தின்மேல் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரை ஓடவிடுக. வளையல், மோதிரங்களை வீக்கம் வருமுன் கழற்றுக. மையும், பற்பசையும், மாவும் பூசுதல் புண்ணை மேலும் கெடுக்கும். தூய துணியால் மூடி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க.

புகை சூழ்ந்தால் நிமிர்ந்து நடவாமல் தவழ்ந்து வெளியேறுக. மூச்சுவிடத் தக்க காற்று தரையருகேதான் இருக்கும். நகைக்கும் பணத்துக்கும் மீண்டும் உள்ளே செல்லலாகாது.

குடிசை வீடுகளில் அடுப்புச் சாம்பலை நீர் தெளித்தே வெளியே கொட்டுக. பற்றிய கீற்றை இழுத்துத் தள்ளக் கொக்கியிட்ட நீண்ட கழி ஒன்று தெருவுக்கொன்றேனும் இருத்தல் நன்று. ஒரு கூரையை இழுத்துத் தள்ளினால் ஒரு தெருவே பிழைக்கும்.

101 என்னும் எண்ணை வீட்டுச் சிறுவரும் அறிந்திருக்கவேண்டும். இன்று 112 என்னும் எண்ணிலும் அழைக்கலாம். அழைப்பவர் பதறாமல் ஊர், தெரு, அருகிலுள்ள அடையாளம், எரிவது யாது என்பவற்றைச் சொல்லி, வழிகாட்ட ஒருவரை முச்சந்தியில் நிறுத்தவேண்டும். வண்டி வழிதேடி அலையும் ஐந்து நிமிடம் ஒரு குடும்பத்தின் வாழ்நாள் உழைப்பை விழுங்கிவிடும்.

அழைத்து அமர்த்துவோம்

பிரெய்ட்வுட் நூல் எழுதிக் கற்பித்தார். குரோக்கர் ஓய்வு பெற்றபின் தொழிற்சாலைதோறும் சென்று கற்பித்தார். நம் ஊர்களிலும் தீயணைப்புத் துறையில் முப்பதாண்டும் அதற்கு மேலும் உழைத்து ஓய்ந்தோர் இருக்கின்றனர். பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்கின்றனர். நியாய விலைக் கடை வரிசையில் நம்மோடு நிற்கின்றனர். அவர்கள் எத்தனை இரவுகள் நம் பொருட்டு உறக்கம் துறந்தனர் என்பதை நாம் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை.

இனியேனும் கேட்போம். பள்ளியின் ஆண்டு விழாவில் தலைமை தாங்கப் பெரிய பதவியினரைத் தேடுகிறோம். ஒருமுறை அவ்வூர் ஓய்வு பெற்ற தீயணைப்பு நிலைய அலுவலரை அழைப்போம். பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாமல், பள்ளியின் படிக்கட்டையும் வாயிற்கதவையும் அவருக்குக் காட்டி, "ஐயா, இதில் குறை யாது?" எனக் கேட்போம். பங்கின் இளையோர் மன்றத்தில் அவரைக் கொண்டு ஒத்திகை நடத்துவோம். திருமண மண்டபம் அமர்த்துமுன் அவரிடம் ஒரு சொல் கேட்போம். அவருக்கு அது பெருமை. நமக்கு அது பாதுகாப்பு.

அவர் காட்டிய குறையை அன்றே திருத்துவோமாயின், என்றோ ஒருநாள் மூளவிருந்த தீ மூளாமற்போகும். அன்று எவரும் கைதட்டமாட்டார். எந்த நாளிதழும் எழுதாது. மாலையில் குழந்தைகள் புத்தகப் பையோடு வீடு திரும்புவர். அதுவே அப்பெரியவரின் வாழ்வுக்கு நாம் எழுப்பக்கூடிய நினைவுச்சின்னம்.